திறப்பு மாற்றும் இடம்

டொக்டர் சொன்னது ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் நடக்கச் சொல்லித்தான். சீனி வருத்தம் என்று போனால் எல்லாருக்கும் அதைத்தான் சொல்வார்கள். கேட்டவர்கள் நாலு நாள் கல்லடிப் பாலத்தில் போய் வந்துவிட்டு, ஐந்தாம் நாள் கால் நோகிறது என்று படுத்துவிடுவார்கள். ஜெராட் அந்த ரகம் இல்லை. வீட்டுக்குப் போய் மட்டக்களப்பு வரைபடத்தை மேசையில் விரித்தார். வாழைச்சேனைத் துறைமுகத்திலிருந்து குருக்கள்மடம் வரைக்கும் கரையோடு கரையாக ஒரு சிவப்புக் கோடு இழுத்தார். கோட்டை ஆறு துண்டாக வெட்டினார். மாதம் ஒரு பௌர்ணமி விடுமுறை வரும், அதுதான் போயா. போயாவுக்கு ஒரு துண்டு. பங்குனியில் தொடங்கினால் ஆவணியில் முடியும். மனிதருக்கு அப்படி ஒரு விசர்.

அடுத்த நாள் அந்தப் படத்தை வேலை செய்கிற கந்தோருக்குக் கொண்டுவந்து, வாகனப் பகுதியில் இருந்த மேர்லினின் மேசையில் வைத்தார்.

"மேர்லின் மிஸ், நடக்கிறது என்ட பாடு. ஆனா கொண்டுபோய் விடுறது, கிறுகித் திரும்ப வந்து ஏத்துறது, வாகனத்த எங்க நிப்பாட்டுறது, இதெல்லாம் உங்களுக்குத்தான் வரும்."

அது உண்மை. கந்தோரில் ஜீப் மூன்று, போகவேண்டிய அதிகாரிகள் பதினொரு பேர். ஒருவர் செங்கலடிக்கு, ஒருவர் வாகரைக்கு, இன்னொருவர் வாவிக்கு அங்காலே படுவான்கரைக்கு. காலையில் எல்லாரையும் அனுப்பி, பின்னேரம் எல்லாரையும் வீடு சேர்ப்பாள் மேர்லின். ஒருவரும் வழியில் நின்றது கிடையாது. பதினெட்டு வருடமாக மற்றவர்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தவள், தனக்கென்று ஓர் இடத்தில் போய்ச் சேரத் தெரியாமல் நாற்பத்து நாலு வயதில் அந்தக் கதிரையில் இருந்தாள்.

படத்தைப் பார்த்தாள். கோடு முடிகிற இடம் குருக்கள்மடம். அது அவளுடைய ஊர்.

"ஏன் சேர் இதில நிப்பாட்டினீங்க? கல்லாறு வரைக்கும் போகலாமே?"

"தாள் முடிஞ்சிட்டுது மிஸ்."

தாள் முடியவில்லை. குருக்கள்மடத்துக்குக் கீழே இன்னும் நாலு விரல் இடம் வெறுமையாகக் கிடந்தது. அவளுக்கு அது தெரிந்தது, அவளுக்குத் தெரிந்தது அவருக்கும் தெரிந்தது. கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இந்தக் கதை முழுக்க இப்படித்தான், கேட்டிருக்கலாம், கேட்டிருக்கலாம் என்றுதான் போகும். இப்போதே சொல்லிவிட்டேன்.

ஜெராட் பாடசாலைக் கட்டிடங்களை மேற்பார்வை செய்கிறவர். ஐம்பத்தைந்து வயது. மனைவி இறந்து ஆறு வருடம். ஒரே மகள் டினோஷா கல்யாணம் முடித்துக் கனடாவில். எங்கள் பக்கத்தில் வீடென்றால் அது பெண்ணுக்குத்தான். தாய் மகளுக்குக் கொடுப்பாள், மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே வருவான். ஆணுக்கென்று ஒரு கூரை எந்த உறுதிப் பத்திரத்திலும் இருக்காது. மனைவி போனதும் வீடு மகளுடையது. ஜெராட் அதைப் பூட்டிவிட்டு, பட்டணத்துக்குள்ளே புளியந்தீவில் தன் அக்கா மார்கிறட்டின் வீட்டு முன்னறையில் இருந்தார். ஐம்பத்தைந்து வயதில் அக்கா போடுகிற சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு, அவளுக்குத் தெரியாமல் சட்டைப் பையில் பனங்கட்டி வைத்துக்கொண்டு.

முதல் போயாவுக்கு ஏழு பேர் சேர்ந்தார்கள். காத்தான்குடிப் பஹ்மியின் வாடகை வான் எல்லாரையும் வாழைச்சேனையில் இறக்கிவிட்டு, பாசிக்குடாப் பக்கம் போய்க் காத்துக்கொண்டு நின்றது. நடந்தார்கள், படம் எடுத்தார்கள், கொண்டுபோன புட்டையும் மீன்குழம்பையும் பத்து மணிக்கே முடித்தார்கள். சித்திரைப் போயாவுக்கு நாலு பேர். அந்த வெயிலில் மணல் காலைச் சுட்டது. இரண்டு பேர் வழியில் ஓட்டோ பிடித்து ஏறிவிட்டார்கள். அன்றைக்கு மிச்சம் இருந்த அரை மணித்தியாலம் மேர்லினும் ஜெராட்டும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தார்கள். பாதியில் விட்ட ஒரு ஹோட்டல் கட்டிடத்தைக் கண்டு அவர் நின்றார்.

"போட்ட கம்பி காணாது" என்றார். "இந்தத் தூண் நாளைக்கு விழும்."

"நாளைக்கா?"

"சரி, பத்து வருசத்தில."

பிறகு சட்டைப் பையிலிருந்து இரண்டு பனங்கட்டி எடுத்து, ஒன்றை அவளுக்குக் கொடுத்தார். "மார்கிறட் அக்காட்ட சொல்லிராதீங்க." அவ்வளவுதான் நடந்தது. அந்த அரை மணித்தியாலத்தை அவள் வீட்டுக்குக் கொண்டுபோய், ஒரு மாதம் முழுக்க வைத்துத் தின்றாள். அவளுக்கு அவர்மேல் ஆசை. இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல என்ன இருக்கிறது? தலை நரைத்த பிறகு வருகிற ஆசைக்குப் பொறுமை அதிகம் என்று யாரோ கதை கட்டிவிட்டிருக்கிறார்கள். சுத்தப் பொய்.

மூன்றாவது போயாவுக்கு வருவோம் என்று சொன்னது இரண்டே பேர். அவரும் அவளும்.

இங்கேதான் வில்லங்கம். நடை என்றால் போய்விட்டு அதே வழியால் திரும்புவது இல்லை. தொடங்குகிற இடத்தில் வாகனத்தை விட்டால், முடிக்கிறபோது அது பத்துக் கிலோமீற்றர் பின்னால் நிற்கும். முடிக்கிற இடத்தில் விட்டால், தொடங்குகிற இடத்துக்கு யார் கொண்டுபோய் விடுவது? இரண்டு பேருக்காக ஒரு வானைப் பிடிப்பதும் சரியில்லை. அதைவிடப் பெரிய வில்லங்கம், மனைவி இல்லாத ஓர் ஆணும் கல்யாணம் முடிக்காத ஒரு பெண்ணும் ஆளில்லாத கரையில் சோடியாக நடப்பது. வாடிக்கு வாடி, குடிசைக்குக் குடிசை மீனவர்கள் இருப்பார்கள். அடுத்த நாள் விடியும்போது கதை கந்தோருக்கு வந்துவிடும்.

மேர்லின் இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் ஒரு வெள்ளைத் தாளில் நடை ஒழுங்கை எழுதினாள். அவர் வடக்குப் பக்கம் தன்னுடைய மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டுத் தெற்கே நடக்கவேண்டும். அவள் தெற்குப் பக்கம் தன்னுடைய ஸ்கூட்டியை விட்டுவிட்டு வடக்கே நடப்பாள். நடுவில் சந்திக்கிற இடத்தில் வாகனத் திறப்பை, அதுதான் சாவியை, மாற்றிக்கொள்ளவேண்டும். அவர் போய் அவளுடைய ஸ்கூட்டியை எடுப்பார், அவள் போய் அவருடைய மோட்டார் சைக்கிளை எடுப்பாள். இருவரும் முழுத் துண்டையும் நடந்ததாகவும் இருக்கும், இருவரும் சேர்ந்து நடந்தார்கள் என்று ஒரு நாக்கும் சொல்லவும் ஏலாது.

வாகனம் நிறுத்தப் பஹ்மி இடம் பிடித்துக் கொடுத்தான். அவனுக்கு ஓட்டமாவடியில் ஒரு சாச்சி, ஏறாவூரில் ஒரு மாமி, காத்தான்குடி என்றால் கேட்கவே தேவையில்லை. வீட்டு வளவுக்குள்ளே நிழலில் நிறுத்தலாம், உப்புக் காற்றும் படாது. ஆனால் தாளைப் பார்த்ததும் அவன் தலையைச் சொறிந்தான்.

"மிஸ், கோவிச்சிக்காதீங்க. எதிரும் புதிருமா நடக்கிறதுக்கு எதுக்கு மிஸ் ரெண்டு பேரு?"

"நீ இடத்த மட்டும் பாரு பஹ்மி."

"பாக்கிறன் மிஸ். கேட்டன், அவ்வளவுதான்."

இதில் இன்னொரு சங்கதி. நடந்து முடித்த பின்னேரம் இருவரும் பட்டணத்துக்குத்தான் வரவேண்டும். அவளுக்குக் குருக்கள்மடம் போகப் பட்டணத்தைத் தாண்டித்தான் வழி. அங்கே ஐந்து நிமிடம் நின்று வாகனத்தை மாற்றிவிட்டுப் போகலாம். சின்னப் பிள்ளைக்கும் தோன்றுகிற விஷயம். மூன்று ஜீப்பையும் பதினொரு அதிகாரிகளையும் மேய்க்கிறவளுக்குத் தோன்றாமல் போகுமா? தாளில் அவள் எழுதியது, "வாகனம் அடுத்த நாள் காலை கந்தோரில் மாற்றப்படும்." ஏன் அப்படி எழுதினாள் என்று அவளைத்தான் கேட்கவேண்டும். ஜெராட் வாசித்தார், தாளை மடித்துப் பையில் வைத்தார், அவரும் கேட்கவில்லை.

வைகாசிப் போயாவுக்கு முதல் நாள் மேர்லின் தன் வளவில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இருபத்திரண்டு வயதில் அப்பா இந்த வீட்டை அவள் பேரில் எழுதினார். எழுதியதோடு நிற்காமல், சுவரோடு ஒரு சாய்ப்புப் பத்தியும் இறக்கித் தகரம் போட்டார். மருமகனுடைய மோட்டார் சைக்கிள் நனையக்கூடாதாம். பேசிவந்த மாப்பிள்ளைகளில் ஒருவர் வெளிநாடு போனார், ஒருவருக்கு வேறு இடம் சரிவந்தது, பிறகு அப்பா படுக்கையில் விழுந்தார், அதற்குள் தங்கை வதனிக்கு வயது ஏறிவிட்டது. வதனிக்கு முடித்து, அப்பாவை அடக்கம் செய்து நிமிர்ந்து பார்த்தபோது பத்தியில் விறகு இருந்தது. இருபது வருடமாக விறகுதான் இருந்தது.

பக்கத்து வளவிலிருந்து வதனி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, விறக ஏன் அங்கால மாத்துறாய்?"

"கறையான் புள்ள."

 அடுத்த நாள் பின்னேரம் வதனி, அக்கா ஒரு ஆணுடைய மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி, அதைப் பத்திக்குள் தள்ளிக்கொண்டுபோய், இரண்டு தரம் முன்னும் பின்னும் அசைத்து நேராக நிறுத்தி, துணியால் துடைத்ததைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கறையானுக்கு அப்படி ஒரு வைத்தியத்தை அவள் கேள்விப்பட்டதில்லை.

மேர்லின் ஊர் வாய்க்குப் பயந்து கரையில் எதிரும் புதிருமாக நடந்தாள். அதே ஊரில், பெண்ணுடைய வளவுக்குள் ஆணுடைய மோட்டார் சைக்கிள் விடிய விடிய நின்றால் என்ன அர்த்தம் என்பதை மட்டும் மறந்துபோனாள். வேறு இடமென்றால் வாகனம் நிற்கிறது என்பார்கள். எங்களிடத்தில் மாப்பிள்ளை வந்துவிட்டார் என்பார்கள். காலையில் வாசல் கடப்படியால் போன பெண்கள் நடையைக் குறைத்தார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து கோயில் வாசலில் இரண்டு பேர் வதனியைக் கையைப் பிடித்து விசாரித்தார்கள். ஒருத்தி சாறி எடுத்தாச்சா என்றே கேட்டாள்.

"அக்கா, நானும் என்ட மனுசனும் போய்க் கேக்கட்டா?" என்றாள் வதனி. "பொண் வீட்டார்தான் போய் மாப்பிள்ளை கேக்கவேணும். அப்பா இல்ல. நாங்கதானே போகவேணும்."

"உனக்கு விசரா? ஒரே கந்தோரில வேலை செய்யிறம். அவர் இல்லையெண்டா நான் மறுகா எந்த மூஞ்சியோட அந்தக் கதிரையில இருக்கிற?"

"அவர் ஓமெண்டா?"

 அவர் பட்டணத்து ஆள், படித்தவர், ஒருமுறை முடித்தவர், மனதில் இருந்தால் அவரே வாயைத் திறப்பார் என்று மேர்லின் நினைத்தாள். ஊர் வழமையெல்லாம் மற்றவர்களுக்கு. வதனியை வாயை மூடச் சொல்லிவிட்டு அடுத்த போயாவை எண்ணத் தொடங்கினாள்.

மாதத்தில் ஒரு நாள். அந்த நாளிலும் கால் மணித்தியாலம். வைகாசியில் களுவன்கேணிக்கு வடக்கே ஒரு கவிழ்த்த தோணியில் இருந்தார்கள். அவர் தோடம்பழம் உரித்துக் கொடுத்தார். ஆனியில் சவுக்கடி. கச்சான் காற்று மணலை வாரி அடித்தது, சவுக்க மரத்துக்குப் பின்னால் ஒதுங்கி நின்றார்கள், பேசியது ஒன்றும் ஒருவருக்கும் கேட்கவில்லை. ஆடியில் கல்லடிப் பாலத்தின் நடுவில், போயாச் சனத்துக்குள், நின்றபடியே திறப்பை மாற்றிக்கொண்டு பிரிந்தார்கள். திறப்பு அவருடைய பையில் கிடந்து சூடாக இருக்கும். அந்தச் சூடு ஆறும்வரைக்கும் அவள் அதைக் கைக்குள் பொத்திக்கொண்டு நடப்பாள்.

சந்திக்கும் வரைக்கும் ஒவ்வொரு அடியும் அவரை நோக்கிப் போகிற அடி. அப்போது மணலும் தெரியாது, வெயிலும் தெரியாது. திறப்பை மாற்றியபிறகு ஒவ்வொரு அடியும் அவரைவிட்டுப் போகிற அடி. அந்தப் பாதி நடைதான் அவளுக்கு இடுப்பை ஒடிக்கும். திரும்பிப் பார்ப்பாள். அவரும் திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்பார். கை காட்டுவார்கள். பிறகு அவள் தன் ஒழுங்கின்படி வடக்கே நடப்பாள். தானே எழுதிய தாள் அது, குறை சொல்லவும் ஆள் இல்லை.

ஆடிப் போயா கழிந்து இரண்டாம் கிழமை ஜெராட் அவளுடைய மேசைக்கு வந்தார். உட்காரவில்லை.

"மிஸ், அடுத்த மாசம் எயாப்போட்டுக்கு ஒரு வான் வேணும். போயா கழிஞ்சு பத்தாம் நாள். பஹ்மியிட்ட கேட்டுப் பாப்பமா?"

மேர்லின் பேனையை எடுத்தாள். "ஆர் சேர் வாறாங்க? மகளா?"

"ஒருத்தரும் வரல்ல. நான் போறன். கனடாவுக்கு."

அவள் திகதியை எழுதினாள். இறங்கவேண்டிய இடம், ஏற்றவேண்டிய இடம், ஆட்கள் ஒன்று, பெட்டிகள் இரண்டு. ஒரு எழுத்தும் பிசகவில்லை. பதினெட்டு வருடப் பழக்கம் அப்படி. எழுதி முடித்துத் தாளைக் கோப்பில் போட்டுவிட்டு, மலசலகூடத்துக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். யார் அவளை விட்டுப் போனாலும் வாகனம் அவள்தான் பிடித்துக் கொடுக்கவேண்டியிருந்தது. பேசிவந்த ஒரு மாப்பிள்ளை வெளிநாடு போனபோதும் கட்டுநாயக்கா எயாப்போட்டுக்கு அப்பா வான் கேட்டது அவளிடம்தான்.

ஆவணிப் போயாவுக்கு மிச்சம் இருந்தது கடைசித் துண்டு. காத்தான்குடியிலிருந்து குருக்கள்மடம். அவருடைய மோட்டார் சைக்கிள் காத்தான்குடியில் பஹ்மியின் இன்னொரு சாச்சி நபீஸாவின் வளவில் நிற்கும். அவளுடைய ஸ்கூட்டி இந்த முறை எங்கேயும் போகவேண்டியதில்லை, அவள் வீட்டிலேயே நிற்கும். அவர் நடந்துவந்து எடுத்துக்கொண்டு போகவேண்டியதுதான்.

விடிய ஐந்தரைக்கு அவள் கடப்பைத் திறந்தபோது வதனி வேலியடியில் நின்றாள்.

"இண்டைக்காவது வாயத் திறப்பாயா அக்கா?"

"திறப்பன்."

"சத்தியமா?"

"போடி" என்றாள் மேர்லின். ஆனால் அது சத்தியம்தான். அன்றைக்கு விட்டால் பிறகு போயாவும் இல்லை, துண்டும் இல்லை, அவரும் இல்லை. வாழ்க்கையில் ஒரு தரம் கேட்கவேண்டும். கரையில் இறங்கி வடக்கே நடந்தாள். கிரான்குளம் தாண்டும்வரைக்கும் கேட்கவேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள். முதலில் நீளமாக இருந்தது. நடக்க நடக்க ஒவ்வொரு சொல்லாக விழுந்து, புதுக்குடியிருப்புக் கரைக்கு வந்தபோது மூன்றே சொல் மிஞ்சியிருந்தது.

அவர் அங்கே ஏற்கெனவே வந்திருந்தார். கரைவலை இழுத்து முடித்த ஆட்கள் போய்விட்டார்கள், வெறும் வாடி ஒன்று நின்றது. வாசல் மரக்கட்டையில் அமர்ந்திருந்தவர் அவளைக் கண்டதும் எழுந்தார். மெலிந்திருந்தார். ஆறு மாத நடை வேலை செய்திருந்தது.

"கோடு முடியப்போகுது மிஸ்" என்றார். "இன்னும் அஞ்சு கிலோமீற்றர்."

"சேர், நான் ஒண்டு கேக்கவேணும்."

"கேளுங்க."

"என்ட வீட்ட வாறீங்களா?"

ஸ்கூட்டி எடுக்க வருவதைப் பற்றி அவள் கேட்கவில்லை என்று அவருக்கு உடனே விளங்கியது. முகம் அப்படி மாறியது. அவர் மறுபடி மரக்கட்டையில் அமர்ந்தார். 

"மேர்லின்" என்றார். மிஸ் இல்லை. ஆறு மாதத்தில், இல்லை, பதினெட்டு வருடத்தில் முதல் தரம். "ஆனி மாசம் ரெண்டு ஞாயிறு மார்கிறட் அக்கா கேக் அடிச்சு வச்சுக்கொண்டு இருந்தா."

"ஏன்?"

"உங்கட ஆக்கள் வருவாங்க எண்டு. நான்தான் சொன்னன். என்ட மோட்டச்சைக்கிள் உங்கட வளவில நிண்டதுதானே, ரெண்டு போயா இரவு. ஊரே பாத்தது. நீங்க பட்டணத்தில வச்சு மாத்தாம, வீட்ட கொண்டுபோனீங்க. பொண் வீட்டார் இடம் காட்டிட்டாங்க, இனி வந்து கேப்பாங்க எண்டு நான் நினைச்சன். புதுச் சட்டையும் போட்டுக்கொண்டு இருந்தன். முதல் ஞாயிறு கேக்கை நாங்களே திண்டம். ரெண்டாம் ஞாயிறு அக்கா எனக்குத் தரல்ல, சீனி எண்டு."

மேர்லினுக்குச் சிரிப்பு வந்தது. "நீங்க கேட்டிருக்கலாமே?"

"நான் எப்பிடிக் கேக்கிற? எனக்கு ஒரு வீட்டில இடம் தாங்க எண்டு ஒரு ஆம்பிள எப்பிடிப் புள்ள போய்க் கேக்கிற?"

அவர் சொல்வது நியாயம்தான். அதுதான் கொடுமை. வதனி போகிறேன் என்று நின்றாள், இவள்தான் காலைப் பிடித்து இழுத்தாள். ஊர் முழுக்க விளங்கியது, அவருக்கும் விளங்கியது, வாகனத்தை நிறுத்தியவளுக்கு மட்டும் தான் செய்தது என்னவென்று விளங்கவில்லை.

"இப்ப கேக்கிறன்" என்றாள்.  "அப்பா இல்ல, அம்மா இல்ல, நானே கேக்கிறன். நில்லுங்க. போகாதீங்க."

"விசா தையிலயே வந்திட்டுது. நான்தான் இழுத்துக்கொண்டிருந்தன். ஆனியில நீங்க கேட்டிருந்தா மகளை இஞ்ச வந்து பிள்ளையப் பெறச் சொல்லியிருப்பன். அவவும் வாறன் எண்டுதான் சொன்னா. இப்ப ஏழு மாசம் தாண்டிட்டுது, பிளேன் ஏறேலாது. தாய் இல்லாத புள்ள மேர்லின். பெத்து எடுக்கிற நேரம் பக்கத்தில ஒரு மனுசரும் இல்லாம எப்பிடி விடுற?"

விடமுடியாது. அதை அவளும் அறிவாள். விடுகிற ஆளாக இருந்தால் அவரை அவள் இப்படிப் பிடித்திருக்கவும் மாட்டாள்.

"அப்ப கிறுகி வருவீங்களா?"

 அலை வந்து போனது, வந்து போனது.

"வருவன் எண்டு சொன்னா நீங்க இடத்தத் துடைச்சு வச்சுக்கொண்டு இருப்பீங்க. எனக்கு உங்களத் தெரியும். பிள்ளை பிறந்தா ஒரு வருசம், மறுகா அதுக்குப் பள்ளிக்கூடம், மறுகா எனக்கு வருத்தம். நான் பொய் சொல்லி உங்கள இருத்தி வைக்கமாட்டன்."

அவர் அழுதார். அவளும் அழுதாள். பார்க்க ஒருவரும் இல்லை, பார்த்தால்தான் என்ன? கடைசியில் அவர் எழுந்து, முகத்தைத் துடைத்து, பையிலிருந்து திறப்பை எடுத்து நீட்டினார். பழக்கம். அவளுடைய வெள்ளைத் தாளில் அப்படித்தானே எழுதியிருந்தது, நடுவில் சந்தித்துத் திறப்பை மாற்றிப் பிரியவேண்டும் என்று.

மேர்லின் வாங்கவில்லை.

"நான் வடக்க போகல்ல. கிறுகி உங்களோட வாறன்."

"அப்ப என்ட மோட்டச்சைக்கிள்?"

"நிக்கட்டும். நபீஸாம்மாட வளவில நிண்டா ஒருத்தரும் தின்னமாட்டாங்க. பின்னேரம் பஸ்ஸில போய் எடுங்க."

"காத்தான்குடித் துண்டு உங்களுக்கு நடக்காமக் கிடக்குமே. ஆறு மாசம் நடந்தது குறையாப் போயிருமே."

"போகட்டும்" என்றாள். "எனக்கு இந்தத் துண்டுதான் வேணும்."

கரையால் போகலாம் என்று அவர் தெற்கே திரும்பினார். அவள் கையைக் காட்டி வேறு பக்கம் கூட்டிக்கொண்டு போனாள், தென்னந்தோட்டத்துக்குள்ளால் ஏறி, பெரிய றோட்டுக்கு. கல்முனை பஸ் போகிற றோட்டு, ஓட்டோ போகிற றோட்டு, கந்தோரில் வேலை செய்கிற பாதிப் பேர் ஓடித்திரிகிற றோட்டு. அதன் ஓரமாக இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தார்கள். ஐந்து கிலோமீற்றர். அவள் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. கிரான்குளத்தில் இளநீர் குடித்தார்கள். அவர் ஒரு மதிலைக் காட்டிக் கம்பி காணாது என்றார். மதிலுக்குக் கம்பியே இல்லை சேர் என்று அவள் சொன்னாள், இருவரும் சிரித்தார்கள். எதிரே போன ஒரு மோட்டார் சைக்கிள் வேகத்தைக் குறைத்து, ஓட்டியவர் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு போனார். பார்க்கட்டும். மூன்று போயா இந்தக் கண்களுக்குப் பயந்து நடந்தவள், அவ்வளவு நாளையும் நினைத்து வயிறெரிந்தாள்.

நடக்க நடக்க அவர் அடியைக் குறைத்தார், அவளும் குறைத்தாள். குருக்கள்மடத்துப் பெயர்ப்பலகை வந்தபோது இருவரும் கிட்டத்தட்ட நின்றுவிட்டார்கள். ஆனாலும் ஐந்து கிலோமீற்றர் ஐந்து கிலோமீற்றர்தான், இழுத்து நீட்ட ஏலாது.

அவள் வீட்டுக்குப் போகிற ஒழுங்கையின் முகப்பில் ஒரு சில்லறைக் கடை. போயா என்பதால் பெண்கள் மூன்று நாலு பேர் கீரை வாங்கியபடி கதையில் நின்றார்கள். இவர்களைக் கண்டதும் கதை நின்றது. கடைக்காரப் பெண், மேர்லினுக்கு மாமி முறையானவள், கடைக்கு வெளியே எட்டிப் பார்த்தாள். ஆவலை ஒளித்து வைக்க மாமிக்குத் தெரியாது.

"ஆரு புள்ள இவரு?"

ஜெராட் தலையைக் குனிந்தார். வதனியும் சத்தம் கேட்டுக் கடப்படிக்கு ஓடிவந்திருந்தாள். கந்தோரில வேலை செய்யிற சேர் என்று சொல்லியிருக்கலாம். ஸ்கூட்டி எடுக்க வந்தவர் என்றும் சொல்லியிருக்கலாம். இரண்டும் உண்மைதான், இரண்டும் மேர்லின் இருபது வருடமாகச் சொல்லிப் பழகிய மாதிரியான உண்மை.

"நான் மாப்பிள்ளை கேட்ட ஆள், மாமி" என்றாள் அவள், கடை முழுக்கக் கேட்க. "கேக்கச் சொணங்கிப்போனன்."

பிறகு அவர் பக்கம் திரும்பி, "வாங்க ஜெராட், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்" என்றாள்.